நிறம் துடைத்த பக்கம்

இத்தாலியில், பலேர்மோ நகரின் ஒரேத்தோப் பகுதியில், ஒரு வயோதிப சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், கதவடியில் அன்று காலை மூன்று தமிழர் நின்றார்கள். துடைக்க இருந்ததோ ஒரேயொரு வீடு. ஏதோ செபக்கூட்டம் வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்து சிஞ்ஞோரா மூவருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்தாராம். அதே நேரம் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பேராசிரியரின் நாய், வெளியே கூட்டிப்போக ஆளில்லாமல், அவருடைய கம்பளத்திலேயே காரியத்தை முடித்துவிட்டது.

இவ்வளவுக்கும் காரணம் விமலராஜ். அவன் செய்ததெல்லாம் ஒரு பக்கத்தை வடிவாக்கியதுதான்.

பலேர்மோவில் வீட்டுவேலை செய்யும் நம் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போனாலோ பிள்ளை பெற்றாலோ, திரும்பி வரும்வரை தன் வேலை வீட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். இல்லையென்றால் சிஞ்ஞோரா வேறு ஆளைப் பிடித்துவிடுவார். யாருடைய வீட்டை யார் பார்ப்பது என்பதை, எல்லோரும் போனில் திறந்து திருத்தக்கூடிய பொதுப் பக்கம் ஒன்றில், அவர்களில் ஒருத்தியான சுஜானி போட்டு வைத்திருந்தாள். மாதா படம், ரோசாப்பூ, கிளிப்பச்சை, மஞ்சள், கடுஞ்சிவப்பு என்று அது ஒரு திருவிழாப் பந்தல்.

விமலராஜ் ஹொட்டேலில் படுக்கை விரிப்பவன். ஒரு சுருக்கம் விடமாட்டான். இணையத்தில் பக்க வடிவமைப்பு வகுப்பொன்றைப் பாதிவரை படித்திருந்தான். முழுக்கப் படித்தவனுக்கு வராத துணிச்சல் அவனுக்கு வந்தது. தலைப்புகளை ஒழுங்காக்கினான், வெள்ளை இடம் விட்டான், நிறங்களை அடியோடு துடைத்தான். பக்கம் புதிதாய் விரித்த கட்டில் மாதிரிக் கிடந்தது. சுஜானி ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தான்.

சொன்னது, வீட்டுவேலைக்குப் போகும் கிளறா அக்கா. கோயில் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"டேய் விமல், அதிலை எழுதியிருந்த பேரெல்லாம் போன வருசத்து ஆக்கள். ஆள் மாறினா நாங்கள் பேரை மாத்திறேல்லை, நிறத்தைத்தான் மாத்திறது. பச்சை எண்டா நான், மஞ்சள் எண்டா ஏர்னஸ்ற். கண்ணாடி இல்லாமலே தெரியும். அந்த ஒரேத்தோ வீட்டுக்கு நேரை பழைய பேர் மூண்டும் நிறமில்லாமல் கிடந்தா, மூண்டு பேரும் போகத்தானே செய்வினம்?"

"நான் அது சும்மா சோடனை எண்டு நினைச்சன், அக்கா."

"உன்ரை தலைதான் சோடனை."

நிறங்களைத் திரும்பப் பூசி, பிறகும் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கும் சுஜானிக்கும் வந்தது. அவன் ஹொட்டேலின் துணி அறையில் இருந்தான்; அவள் தன் சிஞ்ஞோராவின் குசினியில். பக்கத்தில் மட்டும் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். அவள் எந்த இடத்தில் திருத்துகிறாள் என்று காட்ட, அவள் பெயர் தாங்கிய ஒரு சின்னக் கொடி திரையில் வரிவரியாக நகரும். அது அசையாமல் நின்றால், அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வான். அது அவன் வரிக்குப் பக்கத்தில் வந்து நின்றால், மடித்த விரிப்பையே திரும்பவும் மடிப்பான்.

"தலைப்பைக் கொஞ்சம் பெருப்பிக்கவோ?" என்று ஓரத்தில் எழுதுவான்.

"ஓம் விமல்," என்று பதில் வரும்.

மற்றவர்களுக்கெல்லாம் அவன் விமல் அண்ணை. இவள் ஒருத்திதான் அந்த அண்ணையைப் போடாமல் விட்டவள். பக்கங்களில் தேவையில்லாததை எடுத்துவிட வேண்டும் என்று வகுப்பில் சொன்னதன் அர்த்தம் அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த உற்சாகத்தில் வரி இடைவெளி பற்றிக் கேட்டான், எழுத்தின் அளவு பற்றிக் கேட்டான். ஒரு வருசமாக வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு அவளுடைய நிறமான நீலத்தில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறத் தொடங்கின. வடக்கே ஜெனோவா நகரில் அவளுடைய அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. லீவில் போகும் எல்லோரும் திரும்பும் திகதியைக் கடைசிக் கட்டத்தில் போடுவார்கள். அவளுடைய கட்டம் வெறுமையாக இருந்தது.

"வெறுங்கட்டம் வடிவில்லை," என்று ஓரத்தில் எழுதினான்.

"பிறகு கதைப்பம்."

அந்தப் பிறகு, துறைமுகத்தில் வந்தது. ஜெனோவாக் கப்பல் வாயைத் திறந்து லொறிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய சூட்கேஸைத் தூக்க விமலராஜ் தானாகவே வந்திருந்தான். அதற்கு உருட்டச் சில்லு இருந்தது; இருந்தும் தூக்கினான்.

"அந்தக் கடைசிக் கட்டம்... திகதி இல்லாட்டி சனம் குழம்பும்."

"ஆர் குழம்பும்?"

"கிளறா அக்கா."

"அவவுக்கு நேற்றே சொல்லிப்போட்டன்."

அவன் சூட்கேஸை மற்றக் கைக்கு மாற்றினான்.

"விமல்," என்றாள் சுஜானி, "நீங்கள் செய்யிற பக்கம் எல்லாம் நல்ல துப்புரவு. கேக்க வேண்டியது மட்டும் அதிலை இராது. இப்ப எண்டாலும் கேளுங்கோ."

அவன் சூட்கேஸைக் கீழே வைத்தான். நீவிவிட ஒரு துணிகூட இல்லாமல் கைகள் தொங்கின.

"திரும்பி வருவீங்களோ?"

"இல்லை. வரமாட்டன்," என்றாள். கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்காண்டி நிப்பமோ எண்டு ஒரு வருசமாய் யோசிச்சனான். நீங்கள் எழுத்தின்ரை அளவைத்தான் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."