எதிர்ச்சுற்று முறுக்கு

பச்சரிசி மாவு பூமாரியின் இடது கை விரல்களுக்கிடையே திரிந்து திரிந்து ஈரத்துணியில் வளையமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இடது கைக்காரி. அதனால் அவள் சுற்றும் கைமுறுக்கு மற்றவர்கள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக ஓடும். தாராவியின் அந்தத் தகரக்கூரைப் பட்டறையில் எத்தனை பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுற்றினாலும், எது அவளுடையது என்று எண்ணெய்ச் சட்டியருகே நிற்கிறவருக்குக்கூடத் தெரியும். "எதிர்க்கட்சி சரக்கு வருது, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அப்பளம் போடும் இடத்திலும் இட்லி அவிக்கும் இடத்திலும், பீச்சாங்கை தொட்ட பண்டத்தை எவன் தின்பான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மாட்டுங்காவிலிருந்து வந்து பட்டறை நடத்தும் அபயாம்பாள் மாமி ஒருவர்தான், "எந்தக் கையா இருந்தா என்னடி? சுத்து பிரியாம இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார வைத்தார். அந்த நன்றியில் பூமாரி இதுவரை மாமியிடம் எதையும் மறுத்துப் பேசியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பேச வேண்டிவந்தது. மத்தியானம் மாமி கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டே உள்ளே வந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமையும் எல்லாரும் வந்துடுங்கோ. மேளாவுல நம்ம முறுக்குதான் பறக்கறதாம். தாணேக்காரன் இன்னும் சரக்கு அனுப்புன்னு உயிரை வாங்கறான்."

பட்டறை முறுக்கை டின் டின்னாக வாங்கித் தன் பெயர் போட்ட பெட்டியில் அடைத்து விற்கும் கம்பெனிக்காரரைத்தான் மாமி தாணேக்காரன் என்பார். தாராவியை ஒட்டிய பிகேசி மைதானத்தில் மாநில அரசு போட்டிருந்த பெரிய மேளாவில் அவருக்கும் ஒரு ஸ்டால் இருந்தது.

பூமாரியின் கை நின்றுவிட்டது. "மாமி, நாளைக்கு அந்த மேளாவுக்குத்தான் நாங்க போறதா இருக்கோம். டிக்கெட்டுகூட நீங்கதான குடுத்திய?"

மாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். கம்பெனி கொடுத்த இலவச டிக்கெட்டுகளை அவர்தான் போன வாரம் பெண்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தார். "வேற ஒரு நாள் போயேண்டி. மேளா ஓடிடவா போறது?"

"அவுகளுக்கு வேற நாள் கெடைக்காது மாமி."

உண்மைதான். அவள் புருஷன் வெயிலுமுத்துவுக்கு டிராம்பே ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. அவனுக்கு வார லீவு புதன்கிழமை. அவளுக்கும் பள்ளிக்கூடம் போகும் மகள் கலைச்செல்விக்கும் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் சேர்ந்தாற்போல் வெளியே போனது எப்போது என்று யோசித்தால் ஏதாவது சாவு வீடுதான் நினைவுக்கு வரும். இந்த ஒரு ஞாயிறு கிடைத்ததே அவனோடு வேலை பார்க்கும் செம்பூர் ஞானசீலன் புண்ணியம். "காலைல சர்ச்சுக்குப் போயிட்டு நேரா உங்க ஷிப்டுக்கு வந்துருதேன் அண்ணாச்சி. பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க" என்று தன் லீவைத் தூக்கிக் கொடுத்திருந்தான்.

மாமி கல்நெஞ்சுக்காரர் இல்லை. "அப்ப ஒண்ணு பண்ணு. நாளைப் பங்கையும் இன்னிக்கே சுத்திக் குடுத்துட்டுப் போயிடு."

"சுத்திருதேன் மாமி. ரொம்ப சந்தோசம்."

மற்ற பெண்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவள் சுற்றினாள். கிளம்பும்போது மாமி, வழக்கமான சனிக்கிழமை உடைசல் முறுக்கை இரண்டு கை கூடுதலாகவே அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உடைந்ததைக் கம்பெனி எடுக்காது. அது பெண்களுக்குத்தான்.

வீட்டில் அவளால் விரலை மடக்க முடியவில்லை. கலைச்செல்வி சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். வெயிலுமுத்து தரையில் போர்வையை விரித்துத் தன் ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்பா, மொதல்ல ராட்டினம். அப்புறந்தான் மத்ததெல்லாம். பக்கா?"

"எளா, அது எம்மாம் ஒசரம் தெரியுமா? சந்து முக்குல இருந்து பாத்தாலே எனக்குத் தல சுத்துது."

"நீங்க கீழ நின்னு டாட்டா காட்டுங்க. நானும் அம்மாவும் போறோம்."

"அவளுக்குக் கம்பியப் புடிக்கவே கை வராது போலயே" என்றான் அவன். பிறகு இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்து அவள் விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டான். பூமாரிக்கு மனசு நிறைந்துவிட்டது. மாமி, ஞானசீலன், இந்த மனுஷன். எல்லாரும் நல்லவர்களாகத்தான் வாய்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

மறுநாள் மேளா வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். வெளிச் சாப்பாடு கூடாதாம். சினிமாக் கொட்டகையில் வேண்டுமானால் அப்படிச் சட்டம் இருக்கலாம், அரசாங்கத் திருவிழாவிலும் இருக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. உடைசல் பொட்டலம் பக்கத்திலிருந்த நீல டிரம்முக்குள் போனது. தண்ணீர் பாட்டிலை மட்டும் காவலாளி கண்டும் காணாததுபோல் விட்டார். "நல்ல மனுசன்" என்றாள் பூமாரி.

ராட்டினத்தில் ஏறினார்கள். வெயிலுமுத்துவும்தான் ஏறினான். உச்சியில் நின்றபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். கலைச்செல்வி, "எம்மா, அந்தா நம்ம ஏரியா" என்று சாக்கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கைகாட்டினாள். நீலத் தார்ப்பாய்களும் தகரமுமாகத் தெரிந்ததில் பட்டறைக் கூரை எது என்று பூமாரி தேடிப் பார்த்தாள். இறங்கியதும் மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்படி அவர்கள் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

சாப்பாட்டு ஸ்டால்களின் வரிசையில் கலைச்செல்வி சட்டென்று நின்றாள்.

"எம்மா, ஒன் முறுக்கு."

தங்க நிறப் பெட்டி. கண்ணாடித்தாள் ஜன்னல் வழியாக உள்ளே எதிர்ப்பக்கம் ஓடிய சுற்று தெரிந்தது. மேலே விளக்கு, பக்கத்தில் பூச்சாடி. பூமாரி வெட்கத்தோடு சிரித்தாள். நகைக்கடையில் வைத்ததுபோல் வைத்திருந்தார்கள்.

"பாத்தியா, எப்படி ஜொலிக்கின்னு" என்றான் வெயிலுமுத்து. அவனுக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

கலைச்செல்வி ஸ்டாலின் மேலே கட்டியிருந்த பெரிய பேனரை வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"என்னட்டி போட்டிருக்கு?"

"சுத்தமா மெஷின்ல செஞ்சதாம். கையே படலயாம்."

கலைச்செல்வி ஸ்டாலை நோக்கி ஓர் அடி வைத்தாள். பூமாரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா இரு. மாமி பொழப்பும் இதுலதான் இருக்கு. நம்ம பொழப்புந்தான்."

ஸ்டாலில் நின்ற இளம்பெண் அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். கையில் வெள்ளை உறை, தலையில் வலைத் தொப்பி. தட்டில் முறுக்கைச் சின்னச் சின்னதாக உடைத்து வைத்திருந்தாள்.

"சாம்பிள் லீஜியே ஆன்ட்டி. ஏக் ஃபேமிலி, ஏக் பீஸ்."

குடும்பத்துக்கு ஒரு துண்டுதானாம். அதை இடுக்கியால் எடுத்து நீட்டினாள். பூமாரி பழக்கத்தில் இடது கையை நீட்டினாள். இடுக்கி பின்னால் போனது.

"ஆன்ட்டி, ஸீதா ஹாத்" என்றாள் அந்தப் பெண், சிரிப்பு மாறாமல். வலது கையாம்.

பூமாரி இடது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். வலது கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ பேட்டா" என்றாள்.