தபசு மரம்

கீழ்பென்னாத்தூருக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில், திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் ஏறித் தவம் செய்யும் பனை எப்போதும் பலராமன் வீட்டு நிலத்திலிருந்துதான் வரும். ஓலை வாடாத பச்சை மரமாக இருக்க வேண்டும். கோயில் வாசலில் மரத்தை நட்டதும், கொடுத்த வீட்டுக்காரரின் தலையில் பூசாரி கோயில் மரியாதையாகப் பட்டுத் துணியில் பரிவட்டம் கட்டுவார். பாட்டனாருக்குக் கட்டினார்கள், அப்பாவுக்குக் கட்டினார்கள், பிறகு பலராமனுக்கு.

கிராம நிர்வாக அலுவலர் சினேகா பங்குனியிலேயே வீடு தேடி வந்து சொல்லியிருந்தார்.

"ஐயா, சொந்த நிலமா இருந்தாலும் பனைய வெட்ட கலெக்டர் அனுமதி வேணுங்க. ஒரு மனு குடுங்க, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல நானே சேத்துடுறேன்."

"அம்மன் மரத்துக்கு மனுவா? எங்க வூட்ல யாரும் யார்கிட்டயும் மனு குடுத்ததில்லம்மா" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் பலராமன். மனைவி பாஞ்சாலை பிறகு ஞாபகப்படுத்தியதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருவிழாவுக்குக் காப்பு கட்டியாயிற்று. கோயில் குழுவின் குமரேசன் கோடாலியும் ஆட்களுமாக வந்து நின்றான்.

"பெரியப்பா, கம்முனு சாய்ச்சுடலாம். எவனாச்சும் கேட்டா காத்துல விழுந்துச்சுனு சொல்லிக்கலாம்."

பலராமன் கையை உயர்த்தி ஆட்களை நிறுத்தினார்.

"பொய் சொல்லி வெட்டுன மரத்த அம்மன் வாசல்ல நடவா? பலராமன் வூட்டு மரம் திருட்டு மரம்னு ஊர் பேசவா? வேணாம்."

"அப்போ அர்ச்சுனன் எதுல ஏறுவாரு? கரண்டு கம்பத்துலயா?"

ஆட்கள் சிரித்தார்கள். பலராமன் சட்டையை மாட்டிக்கொண்டு சினேகாவின் அலுவலகத்துக்கு நடந்தார்.

"இப்ப குடுத்தா திருவிழாக்குள்ள வராதுங்க ஐயா. ஆளு வந்து மரத்தப் பாக்கணும்" என்றார் சினேகா. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அப்பாசாமி கொல்லையில போன வாரக் காத்துல ஒண்ணு வேரோட சாஞ்சிருக்கு. நானே போய்ப் பாத்தேன். ஓலை பச்சையாத்தான் இருக்கு. அத எடுக்கத் தடையில்லங்க."

அப்பாசாமி பங்காளி. வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோய்ப் பல காலமாகிறது. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவதில்லை.

பாஞ்சாலை தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தாள். "குமரேசன அனுப்பக் கூடாதா?"

"மனுவத்தான் வேளையோட குடுக்கல. இதையாச்சும் நானே போய்க் கேக்குறேன்."

அப்பாசாமி வாசலுக்கு வந்தார். "என்னண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா?"

"தபசுக்கு மரம் கேக்க வந்தேன்."

அப்பாசாமி தட்டை வாங்கவில்லை. "மரம் தரேன். பரிவட்டம் யாருக்கு?"

நீட்டிய தட்டு நீட்டியபடியே இருந்தது.

"குடுக்குற வூட்டுக்கு" என்றார் பலராமன்.

அப்பாசாமி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். "உள்ள வாங்கண்ணே, காபி குடிச்சிட்டுப் போலாம்."

"இன்னிக்கி வேணாம்."

தபசு அன்று மரம் நிமிர்ந்து நின்றதும், பூசாரி பழக்கத்தில் பட்டுத் துணியோடு நேராகப் பலராமனிடம் வந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பலராமன் தலை குனியவில்லை.

"மரம் அப்பாசாமியுது. அவனுக்குக் கட்டுங்க" என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

பூசாரி அந்தப் பக்கம் திரும்பினார். பலராமன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். கோயில் மரியாதை கிடைக்காதவர்கள் நிற்கும் இடம் எது என்று அவருக்குத் தெரியாது. கண்ணில் பட்ட இடத்தில் நின்றார்.