திங்கள்கிழமை நாரை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மின்னஞ்சலில் வந்தது.

தன்யூப் ஆற்றங்கரையில் நான் குடியிருக்கும் இந்தச் சின்ன ஊரில் ஒரு கல்லூரி உண்டு. அங்கே ஒரே ஒரு பருவம் பகுதிநேரமாகப் பாடம் எடுத்தேன். வேலை போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் திங்கள்தோறும் அனுப்புகிற செய்தி மடலிலிருந்து என் முகவரியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஓசியில் வருவதை யாராவது வேண்டாம் என்பார்களா?

மடலில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டாம் விடுதியில் சுடுதண்ணீர் வராது. ஆய்வேடு கொடுக்கும் கடைசி நாள் தள்ளிப்போயிருக்கிறது. நூலகப் படிக்கட்டில் ஒரு கறுப்புக் கையுறை கிடந்தது, இடது கை, உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். ஒரு மார்ச் மாதத் திங்கள்கிழமை, அந்தக் கையுறைக்குக் கீழே இப்படி ஒரு வரி: “இந்த ஆண்டின் முதல் நாரை நம் பாய்லர் புகைபோக்கியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.”

நான் விருட்டென்று எழுந்து ஜன்னலுக்குப் போனேன். என் ஜன்னலிலிருந்து கல்லூரி தெரியாது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

அந்த ஒரு வரிதான் எனக்கு வந்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: “தன்யூபின் மேல் பனிமூட்டம் மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில்…”

சே. பனிமூட்டம் விலகாமல் எனக்குக் கதையே எழுத வராதா?

இரண்டாவது முயற்சி: “தெமெனுகா ஒரு பொய் எழுதினாள்.” இது பரவாயில்லை, நறுக்கென்று இருக்கிறது. ஆனால் ஆள் யாரென்று தெரிவதற்குள் அவளைக் கூண்டில் ஏற்றிவிட்ட மாதிரி ஆகிறது. அதுவும் வேண்டாம்.

சரி, சாதாரணமாகவே சொல்கிறேன். தெமெனுகாதான் அந்த மடலை எழுதுகிறவள். கல்லூரித் தலைவரான ரெக்டரின் அறைக்குப் பக்கத்து அறை. ஐம்பதை நெருங்குகிற வயது. கல்லூரியில் எது நடந்தாலும் அவள் காதுக்கு வந்துவிட்டுத்தான் நடக்கும். நடந்து முடிந்ததும் அவளை எல்லோரும் மறந்துபோவார்கள். இத்தனை வருஷத்தில் பேருந்து நேரம்கூட அவள் மடலில் தப்பாக வந்ததில்லை. அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம்.

(முதல் பிரதியில் அவளுடைய கணவனைச் சாகடித்திருந்தேன், அனுதாபத்துக்காக. அப்புறம் வெட்கமாகிவிட்டது. அந்த மனுஷன் இப்போது உயிரோடு, வீட்டில் தக்காளி விதை ஊன்றிக்கொண்டிருக்கிறான். கதைக்குள் வரமாட்டான், நிம்மதியாக இருக்கட்டும்.)

3

வெள்ளிக்கிழமை. ரெக்டர் ஸ்லாவோவ் மேஜையில் காகிதத்தை விரித்துப் பனிட்சாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தார். பாலாடைக்கட்டி வாசனை அறை முழுக்க.

“தெமெனுகா, ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்க மடலை ஒரு ஈ காக்கா படிக்கிறதில்ல.”

“யார் சார் சொன்னது?”

“யார் சொல்லணும்? நானே படிக்கிறதில்லையே!”

வருகிற வியாழன் கல்விக் குழுவில் இதை வைக்கப்போகிறார்கள். மடலுக்குப் பதிலாக செல்போனில் ஒரு செயலி. அவளுக்கு ஆவணக் காப்பறையில் வேலை.

“அது கீழ்த்தளத்துல இருக்கே சார்.”

“அமைதியா இருக்கும். உங்களுக்கு அமைதி பிடிக்கும்ல?”

அவளுக்கு அமைதி சுத்தமாகப் பிடிக்காது. திங்கள்கிழமை காலை அந்த மடலை அனுப்பிவிட்டு, இந்நேரம் இத்தனை பேர் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபடி காபி குடிப்பதுதான் அவளுடைய வாரம். அதைப் பிடுங்கிக்கொண்டால் அவளிடம் மிச்சமிருப்பது கீழ்த்தளத்து டியூப்லைட்தான்.

அறைக்கு வந்து மடலை முடித்தாள். கையுறைக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய மார்தெனிட்சா. மார்ச் முதல் தேதி ஊரே கட்டிக்கொள்கிற கயிறு. வலசை வரும் நாரையைத் தன் கண்ணால் பார்த்தவர் அதை அவிழ்த்து, ஒரு மரக்கிளையில் கட்டி, மனசுக்குள் ஒன்று வேண்டிக்கொள்ளலாம். அதுவரை அவிழ்க்கக் கூடாது. இங்கே அரசியலில் பொய் சொல்லலாம், ஆய்வுக் கட்டுரையில்கூட லேசாகச் சொல்லலாம், நாரை விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை.

அப்படியிருந்தும் எழுதிவிட்டாள்.*

*இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. பேருந்து நேரம் பிசகாதவள் இதைச் செய்வாளா? “கோபத்தில் செய்தாள்” என்று எழுதி அடித்தேன். “வேடிக்கைக்குச் செய்தாள்” என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவளுக்கு வலித்தது, செய்தாள். இது மட்டும் அடிபடாமல் நிற்கிறது. யாராவது ஒருத்தர் வந்து “எங்கே நாரை?” என்று கேட்டால் போதும், படிக்கிறார்கள் என்று ரெக்டர் முகத்துக்கு நேரே சொல்லலாம். அடுத்த வாரம் “அது காற்றில் பறந்த பிளாஸ்டிக் பை, மன்னிக்கவும்” என்று திருத்தம் போட்டுவிடலாம். அவ்வளவுதான் அவள் திட்டம்.

4

திங்கள் முழுக்க யாரும் கேட்கவில்லை. தெமெனுகா சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தாள். ரெக்டர் சொன்னது சரிதான், ஈ காக்கா இல்லை.

செவ்வாய் காலை வாசலைத் தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். சிற்றுண்டிச்சாலை எதிரே நிற்கிற பிளம் மரம், ஒரு மொட்டுகூட விடாத மொட்டைமரம், கிளை தெரியாமல் சிவப்பும் வெள்ளையுமாக ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி மொத்தமும் கயிற்றை அவிழ்த்துக் கட்டியிருந்தது. அத்தனை பேரும் படித்திருக்கிறார்கள்! அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவளுடைய சந்தோஷம் காவலாளி கீரோ வந்து நிற்கும்வரை நீடித்தது.

“என்னம்மா தெமெனுகா, என்னமா பறந்துச்சு பாத்தீங்களா? ரெக்கையை விரிச்சு ஒரு சுத்து சுத்துச்சே, அடடா!”

“எது கீரோ அண்ணே?”

“நாரைதான்! நேத்து சாயங்காலம் பாத்தேன்.”

“நீங்க… பாத்தீங்க?”

“பின்ன, பொய்யா சொல்றேன்?”

வேதியியல்காரர்களும் பார்த்திருந்தார்கள். அது ஆண் நாரை என்றும் சொன்னார்கள். ஒரு மாணவி செல்போனில் மங்கலாக எதையோ காட்டினாள். மதியத்துக்குள் நாரைக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. சாயங்காலம் கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவந்ததாகக் கேள்வி.

ரெக்டரே அவள் அறைக்கு வந்தார். அப்படி ஒரு நாளும் வந்ததில்லை.

“என் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். சொல்லப்போனா, உங்க மடல் வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்.”

“நீங்க மடல் படிக்கிறதில்லைன்னு…”

“எல்லாத்தையுமா படிப்பேன்? கண்ணுல பட்டுச்சு. விடுங்க. வியாழக்கிழமை உங்களுக்காக நானே பேசறேன். ஊரே படிக்குது, இதைப் போய் நிறுத்தறதாவது!” வாசல்வரை போனவர் திரும்பினார். “ஏன், உங்க கையில இன்னும் கயிறு இருக்கு?”

தெமெனுகா சட்டைக்கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். அவள் உண்மையைச் சொன்னால் பொய்யாகிப்போவது அவள் ஒருத்தி இல்லை. ரெக்டரிலிருந்து காவலாளி வரைக்கும் அத்தனை பேரும்தான். அதைவிட, சொன்ன மறு நிமிஷம் மடல் போச்சு.

(சிரிக்காதீர்கள். அந்த நாரை எப்படி நின்றது என்று நான் இதுவரை ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆனால் உங்கள் மனசில் ஒரு புகைபோக்கி இருக்கிறது, அதன்மேல் ஒற்றைக் காலில் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.)

5

வியாழன் மதியம், கூட்டத்துக்குச் சற்று முன்னால். பாய்லர் கட்டடத்துக்கு எதிர் பெஞ்சில் கானேவா மேடம் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்தார். புள்ளியியல் ஆசிரியை. அறுபதைத் தாண்டியவர். கல்விக் குழுவில் ஓட்டு உள்ளவர். போன மாதம்தான் கண்புரை அறுவை செய்துகொண்டார்.

“தெமெனுகா, இங்க வா. உக்காரு. நீ சொல்லு, அது இப்ப அங்க இருக்கா?”

“எது மேடம்?”

“விளையாடாதே. மூணு நாளா வந்து உக்கார்றேன். பசங்க பக்கத்துல நின்னு ‘அதோ, அதோ’ன்னு கை காட்டுதுங்க. எனக்கு வெறும் புகைபோக்கிதான் தெரியுது.” கானேவாவின் குரல் இறங்கியது. “ஆப்பரேஷன் நல்லா முடிஞ்சிருச்சுன்னார் டாக்டர். சமாதானத்துக்குச் சொல்லியிருக்கார் போல. போர்டுல நான் எழுதினது எனக்கே தெரியலைன்னா எதுக்கு வேலைக்கு வரணும்? இன்னிக்குக் கூட்டத்துலயே சொல்லிட்டு விலகிடலாம்னு இருக்கேன்.”

தெமெனுகா சட்டைக்கையை இழுத்துவிட மறந்துபோனாள்.

கானேவா அவள் மணிக்கட்டைப் பார்த்தார். “உன் கையிலயும் இருக்கு, என் கையிலயும் இருக்கு. இந்தக் கல்லூரியில நாம ரெண்டு பேர்தான் பாக்கி. என் கதை வேற. நீ ஏன்டி அவிழ்க்கலை?”

6

முடிவு, முதல் வகை: அப்போது தெற்கு வானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி…

கூடாது. நிஜ நாரை வந்து இறங்கினால் எல்லோரும் தப்பித்துவிடுவோம், நானும் சேர்த்து. தெற்கு வானத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வகை: “அதோ மேடம், இடது பக்கம்” என்கிறாள் தெமெனுகா. மடல் பிழைக்கிறது. கானேவா விலகுகிறார். இதை அரைப் பக்கம் எழுதினேன், எழுத்து பிரமாதமாகவே வந்தது. ஆனால் தன் திங்கள்கிழமைக் காபிக்காக நல்ல கண்ணை அவிந்துபோன கண் என்று ஒருவரை நம்பவைப்பதா? அவள் செய்தாலும் செய்வாள், என் கை எழுத மாட்டேன் என்றது. கிழித்தேன்.

மூன்றாவது:

“மேடம், உங்க கண்ணு நல்லாருக்கு. அங்க நாரையே இல்ல. வரவே இல்ல. நான்தான் சும்மா எழுதினேன்.”

கானேவா குடுவை மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

“அப்ப கீரோ பாத்தது?”

“தெரியல மேடம்.”

“ரெக்டர் பாத்தது?”

“அதுவும் தெரியல.”

“கெமிஸ்ட்ரிக்காரங்க ஆம்பளை நாரைன்னாங்களே!”

சிரிப்பு அவருக்குத் தோளில்தான் முதலில் வந்தது. அப்புறம் பெஞ்சே குலுங்கியது. தெமெனுகாவும் பயந்து பயந்து சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கானேவா நிறுத்திவிட்டார். முகம் மாறிவிட்டது.

“மூணு நாள்டி. மூணு நாள் நான் தூங்கலை. பையனுக்குப் போன் பண்ணி அழுதேன். வேலையையே விடப் பாத்தேன்.”

“தப்புதான் மேடம். மன்னிச்சிருங்க.”

“மன்னிப்பெல்லாம் அப்புறம். உள்ள யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், ஆமா.”

“சொல்ல வேணாம் மேடம்.”

கானேவா எழுந்தார். குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

7

கூட்டத்தில் ரெக்டர் நாரையைப் பற்றி நெடுநேரம் பேசினார். செயலி கேட்டவர்கள் மடல் வேண்டாம் என்றார்கள். கடைசி இருக்கையில் கூட்டக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த தெமெனுகா, என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருந்தாள். மடல் வேண்டும் என்பவர்களையும் வேண்டாம் என்பவர்களையும் தனித்தனியாகக் கைதூக்கச் சொன்னார்கள். பாதிக்குப் பாதி.

“கானேவா மேடம், நீங்க ரெண்டு பக்கமும் தூக்கலையே?” ரெக்டர் சிரித்தார். “மூணு நாளா அங்கதான உக்காந்திருந்தீங்க! எங்க எல்லாரையும்விட நீங்கதான் நல்லாப் பாத்திருப்பீங்க. சொல்லுங்க, நாரையைப் பாத்தீங்கதானே?”

கேட்டே விட்டார், பாவி மனுஷன்.

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். கானேவாவின் வாய் என்ன சொல்லும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், அவர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் “இல்லை, பார்க்கவில்லை” என்று சொல்லிவிட்டு மடலுக்காக அந்தக் கை மேலே போகுமா, மடியிலேயே கிடக்குமா? மூன்று நாள் அவர் தூக்கத்தைக் கெடுத்தவள் தெமெனுகா. ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம், தப்பிக்காமல் உண்மையைச் சொன்னவளும் அவளேதான்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கூடத்தில் முழு விஷயமும் தெரிந்தவர்கள் மூன்றே பேர். தெமெனுகாவுக்கு ஓட்டு கிடையாது. கானேவா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது ஆள் நீங்கள்.

கை தூக்குகிறீர்களா?