ஒட்டிக்கொண்ட பக்கிள்

பித்தளைக் கம்பெனிக்குள் வீட்டிலிருந்து பித்தளை எடுத்துக்கொண்டு போகிறவனை என்னவென்று சொல்வது? ஸ்டீபனைக் கேட்டால் முட்டாள் என்று அவனே சொல்வான். அன்றைக்குக் காலையில்தான் அந்தப் புத்தி வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் தண்ணீர்க் குழாய் வார்க்கும் கம்பெனியில் அவனுக்கு உலை வேலை. வேலை போக மிச்ச நேரமெல்லாம், அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெல்ட் பக்கிள்களைத் தேடிப் பழைய இரும்புக் கடைகளில் சுற்றுவான். கிடைத்ததெல்லாம் வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தன.

"செத்துப்போன வெள்ளைக்காரன் இடுப்பப் புட்ச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்பாள் மனைவி சோனியா. சொல்லிவிட்டு அவளே துடைத்தும் வைப்பாள்.

அவன் உயிரை வைத்திருந்தது ஒரு பாதி பக்கிளின் மேல். படைப்பிரிவின் பெயர் பொறித்த வெளிவளையம் மட்டும்தான் அது. நடுவில் கொக்கி போட்டு மாட்டும் கிரீடத் தட்டு இல்லை. வருஷக்கணக்காகத் தேடியும் அகப்படாத அந்தத் தட்டு, உருக்க வந்த பழைய பித்தளைக் குவியலில் அவன் கையிலேயே வந்து விழுந்தது. மூலையில் ஒதுக்கிப் போட்டான். பொருந்தினால் சூப்பர்வைசர் பார்த்திபனைக் கேட்டு, எடைக்கு எடை வேறு பித்தளை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த நினைப்பில்தான் மறுநாள் வளையத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான். உள்ளே போகிறவனை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாட்டினான். டக்கென்று உட்கார்ந்தது. ஸ்டீபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கழற்றப் பார்த்தால் வரவில்லை. களிம்பேறிய கொக்கி உள்ளே இறுகிவிட்டது. பார்த்திபனோ மீட்டிங்கில் இருந்தார். ஷிப்டு முடிகிற சங்கும் ஊதிவிட்டது. நேற்று எப்படியோ தப்பிய தட்டு; இன்றும் அங்கேயே விட்டுப்போனால் அடுத்த ஷிப்டு வளையத்தோடு சேர்த்து உருக்கிவிடலாம். கேட்டில் விவரத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பாட்டுப் பையில் போட்டான். அவன் வாயைத் திறக்குமுன் வாட்ச்மேன் முனுசாமியின் கை பைக்குள் போய்விட்டது.

"இன்னாபா இது?"

"பாதி என்னுதுண்ணே. ஊட்லேர்ந்து எட்த்தாந்தேன்."

"பித்தள கம்பெனிக்கே பித்தள எட்த்தாந்தியா?"

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. ஸ்டீபன் எல்லார் முன்னாலும் அதைப் பிரித்துக்காட்டப் பார்த்தான். விரல்தான் கிழிந்தது.

சத்தம் கேட்டு வந்த பார்த்திபன் நல்ல மனுஷன். அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மறதியா பையில வந்துட்ச்சின்னு சொல்லு, இதோட முடிச்சிடறேன். உன்னுதுன்னு நின்னா திருட்டு கேசு ஆயிடும். வேலை பூடும்."

"வளையம் நெஜமாவே என்னுது சார்."

"ஆரு நம்புவா? ரெண்டும் ஒண்ணாக் கீதே."

ஸ்டீபனுக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"கம்பெனிதுதான் சார். மறந்துட்டேன்."

முனுசாமி பக்கிளை உருக்கப் போகும் பித்தளை கிடந்த வாசலோரத் தொட்டியில் எறிந்தார். நாளைக் காலையில் அந்தத் தொட்டி ஸ்டீபனின் உலைக்குத்தான் வரும். தலைக்கு மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்க, அவன்தான் அள்ளிக் கொட்டவேண்டும்.

வீட்டில் சோனியா டப்பாவைத் திறந்து, பழைய துணி விரித்து, நடுவில் இடம் விட்டு வைத்திருந்தாள்.

"இன்னா, பொருந்திச்சா?"

"பொருந்திச்சி," என்றான். "உடவே மாட்டேன்னுட்ச்சி."