உத்தரம் பார்த்த மாப்பிள்ளை

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். பழைய கட்டடம் கண்ணில் பட்டால் போதும், என் புத்தி அங்கேயே நின்றுவிடும். வாய் மட்டும் தன்பாட்டுக்கு உளறும். இந்த லட்சணத்தில் அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாசம் சிந்தாதிரிப்பேட்டைக்கு அம்மாவோடு பெண் பார்க்கக் கிளம்பினேன். வயசு முப்பத்துமூன்று. அதற்குமுன் பார்த்த ஏழு இடமும் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் என் ஜாதகத்தை அடுப்பில் போட்டுவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

கூவம் வளைந்து அணைத்துக்கொண்டிருக்கும் ஊர் அது. நெசவுக்காரர்களைக் குடிவைத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே மரச் சன்னல், மாடம், தாழ்வாரம் என்று அண்ணாந்துகொண்டே நடந்தேன்.

"இன்னா சார், மேலயே பாத்துக்கினு போறே? கீழ சாணி கீது" என்றார் ஒரு ரிக்‌ஷாக்காரர்.

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அதிலேயே காலை வைத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பெண்ணின் அப்பா பஞ்சாபகேசன், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஐயோ, அவர் இருந்த வீடு! நடுவில் முற்றம், சுற்றிலும் வழவழவென்று தூண்கள், கூடத்துக்கு மேலே ஒரே மரத்தில் உத்தரம். சொஜ்ஜி வந்தது, பஜ்ஜி வந்தது. பெண் ஜலஜா வந்து நமஸ்காரம் பண்ணினாளாம். அம்மா சொல்லித்தான் தெரியும். நான் உத்தரத்தில் செதுக்கியிருந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் பாடினாள். நாலு வரி கேட்டதுமே இந்தக் குரலை ஆயுசு பூரா கேட்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்த மகானுபாவன் சொன்னது வேறு.

"இந்தக் கூடத்து உயரத்துக்கு யார் பாடினாலும் கணீர்னு கேக்கும்."

அதோடு விட்டேனா? "மாமா, இந்த வீட்டுப் பத்திரம் இருக்கா? ஒரு தரம் பாக்கணுமே" என்றேன்.

பஞ்சாபகேசன் முகம் வெளுத்தது. "தேடிப் பாக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனவர், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய தழும்பு ஒரு வாரம் இருந்தது.

நாலாம் நாள் கார்டு வந்தது. 'பிள்ளைக்குப் பெண்ணைவிட வீட்டின் மேல் நாட்டம் அதிகம் போலிருக்கிறது. க்ஷமிக்கவும்.'

எனக்குச் சோறு இறங்கவில்லை. "தனியாப் போகப்படாதுடா கிச்சா" என்று அம்மா தடுத்தும் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கதவைத் தட்டினேன். ஜலஜாதான் திறந்தாள். தலையைத் தூக்கினால் மறுபடியும் உத்தரம் கண்ணில் படுமே என்று பயந்து, என் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"நான் சொத்துக்கு ஆசைப்படறவன் இல்லை. பழைய பத்திரம்னா அந்தக் கால முத்திரை இருக்கும், அதைப் பாக்கலாமேன்னுதான்..."

"பத்திரத்துக்கு நாங்க எங்க போறது? நாங்க இருக்கறது வாடகை ஆத்துல. எல்லார் எதிர்லயும் அப்பாவால அதைச் சொல்ல முடியலை. அன்னிலேர்ந்து யாரோடயும் சரியா பேசறதில்லை."

என்னை யாராவது செருப்பால் அடித்தால் தேவலை போலிருந்தது.

"மன்னிச்சுக்கணும். உங்க பாட்டு... அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"என் மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"இப்பப் பாருங்கோ."

பார்த்தேன். கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர் தளும்பியது, விழவிடாமல் பிடித்துவைத்திருந்தாள். அதற்குமேல் வர்ணிக்க எனக்குத் தெரியவில்லை. கட்டடமாக இருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

"பாத்தாச்சோன்னோ?"

"பாத்தாச்சு."

"சரி. நீங்க வந்ததை அப்பாகிட்ட சொல்லலை. இனிமே இங்க வராதேங்கோ."

கதவைச் சாத்திக்கொண்டாள். அது தேக்கா, பலாவா என்றுகூட நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னடா சொன்னா?" என்றாள்.

"அந்தப் பொண்ணு ரொம்ப நன்னா இருக்காம்மா" என்றேன்.

"அதைத்தானே அன்னிக்கு வழிபூரா சொல்லிண்டு வந்தேன்!" என்று அம்மா கத்தினாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.