முழுவியளம்

கருக்கலில் கையில் ஏறிய உப்பு பொழுதுபட்டாலும் இறங்காது. பனையோலை வேலியின் மறைவில் குந்தியிருந்து ஞானாம்பிகை உப்புக்கட்டிகளை நொறுக்கிக்கொண்டிருந்தாள். முதல்நாள் திருக்கை மீன் கீறும்போது வெட்டுப்பட்ட விரலிடுக்கு காந்தியது. பக்கத்தில் இன்னும் சில பெண்கள். எல்லோரும் கடலுக்குப் புருசனைக் கொடுத்தவர்கள். வேலிக்கு அப்பால் கரையில் வள்ளம் தள்ளுகிறவர்களின் குரல் கேட்டது. அந்த வள்ளங்கள் போய் முடியும்வரை இவர்கள் வெளியே தலைகாட்டக் கூடாது.

எல்லாம் முழுவியளத்தால் வந்த வினை. தொழிலுக்குப் புறப்படும்போது முதலில் எதிர்ப்படும் முகம்தான் முழுவியளம். சுமங்கலி எதிர்ப்பட்டால் வலை நிறையும், கைம்பெண் எதிர்ப்பட்டால் வள்ளம் திரும்பாது என்று கீரிமலைக்கு மேற்கே உள்ள அந்தச் சின்னக் கரையில் எல்லோரும் நம்பினார்கள். நம்பாமலே அதில் ஆதாயம் கண்டவர் ஒருவர் இருந்தார். வள்ளமும் வலையும் மீன் கீறி உலர்த்தும் வாடியும் வைத்திருந்த சம்மாட்டி கனகசபாபதி. இரவு பிடிபட்ட கட்டாவையும் பாரையையும் விடியுமுன்பே சுமங்கலிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார். கைம்பெண்கள் வேலியில் விட்டிருந்த ஓட்டையான பொட்டுக்குள்ளால் நுழைந்து வரும்போது மிஞ்சிக் கிடப்பதற்கு 'மிச்ச மீன்' என்று பெயர். அது நல்ல பாரையாகவே இருந்தாலும் மிச்ச மீன்தான். அதே கத்தி, அதே உப்பு, பாதிக் கூலி. கேட்டால், "பாவம் பாத்தெல்லோ உங்களுக்கு வேலை தாறன்" என்பார். நெற்றிப் பொட்டை இழந்தவர்களுக்கு வேலியிலாவது ஒரு பொட்டு விட்டுவைத்திருக்கிறாரே, எவ்வளவு பெரிய மனசு!

அது எழுபத்தைந்தாம் ஆண்டு. பெண்கள் ஆண்டு என்று தேத்தண்ணிக்கடை வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு புதிய ஏற்பாடும் வந்தது. மீன் பிடிக்கிறவன் மட்டுமல்ல, கீறி உலர்த்துகிறவளும் தொழிலாளிதான். அவளும் கடற்றொழிலாளர் சங்கத்தில் சேரலாம். வாடியும் இனிச் சங்கத்துக்கே போகும். அங்கத்தவர் அல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. சேர விரும்புகிறவள் கூட்டத்தில் நேரே வந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும். தெல்லிப்பழையிலிருந்து பரிசோதகர் நடராசா வந்து இதையெல்லாம் விளக்கினார்.

சங்கத்துக்கும் கனகசபாபதிதான் தலைவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தன் புதுவள்ளம் இறக்கும் நாளின் விடியப்புறத்தில், கரை மணலிலேயே கூட்டத்தை வைத்தார். "எல்லாரும் ஒண்டா நிக்கிற நேரம் அதுதான், ஐயா." கடல் தெரியாத, தோட்டம் செய்கிறவர்களின் ஊரில் பிறந்த நடராசாவுக்கு அதன் சூட்சுமம் விளங்கவில்லை. நல்ல யோசனை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று அந்தக் கூட்டம். வேலிக்கு அப்பால் இரத்தினம்மா பெயர் சொல்லும் குரல் கேட்டது. அடுத்து மற்றவர்கள். எல்லோரும் சுமங்கலிகள்.

"வேறை பெண்டுகள் ஆரும் இருக்கினமோ?" என்று பரிசோதகர் கேட்டார்.

"இல்லை ஐயா. வாறவை அவ்வளவுதான்" என்றார் சம்மாட்டி.

ஞானாம்பிகை எழுந்தாள். பெயர் சொல்லாவிட்டால் நாளைக்கு மிச்ச மீனும் இல்லை. வீட்டில் வயசுக்கு வந்த ஒரு பெண் இருக்கிறாள். கூட இருந்த மீனாம்பிகை அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்கென்ன விசரே? தொழிலுக்குப் போற சனமெடி!"

ஞானாம்பிகைக்கும் அந்தப் பயம் இருந்தது. இல்லை என்று நான் எழுதினால் கதை பொய்யாகிவிடும். இந்த மூன்று வருடமாக வள்ளம் புறப்படும் சத்தம் கேட்டால் யாரும் சொல்லாமலே முகத்தை மூடிக்கொள்கிறவள் அவள். இருந்தும் தலைப்பை விடுவித்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் குனிந்து வெளியே வந்தாள்.

வள்ளத்தில் கை வைத்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நில்லடி அங்கை! புதுவள்ளம் இறக்கிற நேரம், மூதேவி மாதிரி!" என்று சம்மாட்டி பாய்ந்து வந்தார்.

"பேர் சொல்ல வந்தனான். ஞானாம்பிகை. ஏரம்பின்ரை பெண்சாதி."

"ஏரம்பு செத்து மூண்டு வரியம்."

"ஓம். உங்கடை வள்ளத்திலைதான் செத்தவர்."

சம்மாட்டி பரிசோதகரின் பக்கம் திரும்பினார். "பாத்தியளோ ஐயா? சட்டம் கொழும்பிலை எழுதலாம். கடலுக்கு உந்தச் சட்டம் தெரியாது."

நடராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப... கூட்டத்தை வேறையொரு நாளைக்கு வைப்பமோ?"

"ஏன் வைக்கவேணும்?" என்றாள் இரத்தினம்மா. புதுவள்ளத்துக்கு முழுவியளமாக நிற்கவென்று நிறைகுடத்தோடு வந்திருந்தவள் அவள். "நாட்டை ஆளுற பிரதமரே தாலியறுத்த மனுசி. எங்கடை சனத்துக்கு அவ செய்யிற அநியாயம் வேறை கதை, அதை நாங்கள் மறக்கேல்லை. ஆனா சம்மாட்டியார், உந்தப் புதுவள்ளத்துக்குச் சங்கத்தின்ரை பேரிலை கடன் தந்தது அவவின்ரை அரசாங்கம்தானே? அதை வாங்கேக்கை முழுவியளம் பாத்தனீங்களோ?"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். சம்மாட்டியின் முகம் கறுத்தது. "நீ சுமங்கலி. உனக்கு உந்தக் கதை வேண்டாம். குடத்தோடை முன்னுக்கு வா."

ஞானாம்பிகை அந்தக் குடத்தையே பார்த்தாள். அழுதுகொண்டேதான் பேசினாள்.

"அண்டைக்கு அவர் போகேக்கை உப்பிடித்தான் நானும் குடத்தோடை நிண்டனான். நெத்தி நிறையப் பொட்டு. 'நல்ல முழுவியளமடா ஏரம்பு, தள்ளு' எண்டு சொன்னது நீங்கள். அடிப்பலகை உக்கிப்போச்செண்டு அவர் எத்தினை தரம் வந்து சொன்னவர்? அவர் திரும்பி வரேல்லை. என்ரை முகம் சரியாத்தான் இருந்தது, சம்மாட்டியார். உங்கடை பலகைதான் சரியில்லை."

ஏரம்போடு அன்று கடலுக்குப் போய், தான் மட்டும் நீந்தித் தப்பி வந்த இராசநாயகம் தன் சின்ன வள்ளத்தருகே நின்றான்.

"அந்தப் பலகையை நானும் கண்டனான்" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "ஞானம், இஞ்சை வந்து என்ரை வள்ளத்துக்கு முன்னுக்கு நில். இண்டைக்கு உன்ரை முகத்திலை முழிச்சுத்தான் போகப்போறன்."

"ஐயோ, வேண்டாம் அண்ணை!" தன்னையறியாமல் அவள் கத்திவிட்டாள்.

அவன் கேட்கவில்லை. அவள் முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். கொஞ்சம் பொறுத்து, அவனைத் தனியே விட மனம் கேளாமல் இன்னும் சிலரும் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் முடிந்துவிட்டது என்று சம்மாட்டி கத்தினார். புதுவள்ளம் இன்றைக்கு இறங்காது. நாளையிலிருந்து சுமங்கலியோ கைம்பெண்ணோ ஒருத்தியும் வாடிப்பக்கம் வரக் கூடாது. வாடிக் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நடராசா ஞானாம்பிகையின் பெயரை எழுதிக்கொண்டார். "தலைவர் ஒப்பம் வைக்காமல் செல்லாது, பிள்ளை. நான் மேலை அறிவிச்சுப் பாக்கிறன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அவரும் போனார்.

பின்னேரம் வாடைக்காற்று எழும்பியது. போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. இராசநாயகத்தின் வள்ளம் வரவில்லை.

ஞானாம்பிகை காலையில் நின்ற இடத்திலேயே நின்றாள். தாயே, என்னாலை இன்னொரு வீடு இருளக் கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று ஏரம்புக்காக நின்றதும் இதே இடந்தான். அந்த நாள் முழுவதும் திரும்பி வந்து அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரத்தினம்மா வந்து குடத்தை மணலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றச் சுமங்கலிகள். பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் மீனாம்பிகை வந்தாள். அவளுக்குப் பின்னால் மிச்சப்பேர்.

"வராட்டி என்ன செய்யிறது அக்கா?" என்றாள் ஞானாம்பிகை.

"வராட்டி எங்கள் எல்லாற்றை முகத்தையும் சொல்லட்டும். உன்னை மட்டும் சொல்ல விடமாட்டம்" என்றாள் இரத்தினம்மா.

சற்று நேரத்தில் ஆண்கள் நாலைந்துபேர் புதுவள்ளத்தடிக்குப் போனார்கள். இந்தக் காற்றை எதிர்த்துப் போக அதில் பூட்டியிருந்த மிசினால்தான் முடியும். "சங்கத்தின்ரை வள்ளம்தானே. தேடிப் பாக்காமல் நிக்கேலுமே?" என்று ஒருவன் கேட்டான். தள்ளிப் பார்த்தார்கள். பாரமான வள்ளம், மணலை விட்டு அசையவில்லை. அவன் நிமிர்ந்து பெண்களைப் பார்த்தான். ஆண்டாண்டாக வள்ளத்தில் பெண் கை பட்டால் ஆகாது என்று சொன்ன கரை அது.

"வாங்கோவன், எணை. ஒரு கை பிடியுங்கோ."

எல்லோருக்கும் முதலில் ஓடியவள் ஞானாம்பிகை. உப்பு ஊறிய கைகளை விளிம்பில் வைத்தாள். வெட்டுக்காயம் வெடித்து இரத்தம் கசிந்தது. அவளுடைய கைக்குப் பக்கத்தில் வளையல் போட்ட கைகளும் போடாத கைகளும் வந்து விழுந்தன. வாடி பூட்டியபடிதான் கிடந்தது. பெயருக்கு இன்னும் ஒப்பம் விழவில்லை. கடலில் ஒரு புள்ளியும் தெரியவில்லை.

"ஏலேலோ!" என்று ஆண்கள் குரல் கொடுத்தார்கள். பெண்களும் குரல் கொடுத்தார்கள். வள்ளம் அசைந்தது.