நைட் ஷிப்ட் வாரத்துத் தையல்

என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமிக்கு மைன்ஸில் வேலை. அவருக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரம் முழுக்கப் பகலில் எங்கள் குவார்ட்டர்ஸில் சத்தம் கூடாது. மிக்ஸி ஓடாது, குக்கர் வைக்க மாட்டேன், பாத்திரத்தைத் துணி விரித்துத்தான் கவிழ்ப்பேன். பால்காரர்கூட மணியடிக்காமல் ஜன்னலில் விரலால் தட்டுவார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அப்போது பிளாக்கில் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. யார் வீட்டுப் பின்வாசலிலாவது போய்ப் பேசிக்கொண்டிருக்கலாம். பிறகு ஒவ்வொருவராக ரிட்டையராகிக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது எங்கள் வரிசையில் விளக்கு எரிவது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

அதனால்தான் மகளிர் குழுவில் சேர்ந்தேன். கான்ட்ராக்ட் தொழிலாளிகள் போட்டுக்கொள்ளும் கித்தான் கையுறைகளை நாங்கள் தைக்கிறோம். துணியை அவரவர் வீட்டுக்கு வாங்கிப் போய், வெட்டுவதிலிருந்து ஓரம் மடிப்பது வரை முழுவதையும் ஒருவரே செய்து கொண்டுவர வேண்டும். எதையும் முறையாகச் செய்வேன் என்று என்னைத் தலைவியாக்கியிருந்தார்கள். ஆனால் நைட் ஷிப்ட் வாரத்தில் நான் மட்டும் ஒரு ஜோடிகூடத் தைக்க மாட்டேன். தையல் மிஷின் ஓடினால் அவர் விழித்துக்கொள்வார்.

போன மாசியில் ஆர்டர் கொடுக்கும் சுதாகர் வந்தார். ஆர்டர் பெருகப் போகிறது என்றார். தைக்கும் முறையை நாங்களே முடிவு செய்ய வேண்டுமாம். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துத் தைப்பதென்றால் ஷெட்டும் மோட்டார் மிஷின்களும் அவர் தருவார். வீட்டிலேயே தைப்பதென்றால் அதற்குப் பதிலாகத் துணியை அச்சு வைத்து வெட்டும் பிரஸ் ஒன்று வாங்கித் தருவார். இரண்டில் ஒன்றுதான்.

“ஒரு வாரம் ஷெட்டுல தச்சுப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்லுங்கக்கா. பொறவு மாத்த முடியாது” என்றார்.

ஷெட்டில் வேலை வேகமாக நடக்கும் என்று குழுவில் சொன்னேன். அது பொய்யில்லை. ஒருத்தி பெருவிரல் மட்டும், இன்னொருத்தி மணிக்கட்டுப் பட்டை மட்டும் என்று தைத்தால் கை பழகிவிடும். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது, பகலில் சத்தம் போடக்கூடிய ஓர் இடம். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலையில் அவர் படுத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுவேன். மிஷின்களை ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி வட்டமாகப் போட்டது நான்தான். பெருவிரல் வேலையை எடுத்துக்கொண்டேன். காடாம்புலியூரிலிருந்து வரும் தனம் எனக்கு எதிரில். தன் நாத்தனார் வீட்டுச் சீமந்தத்தில் நடந்த சண்டையை அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே தைத்தேன். பெருவிரல் துண்டை எந்தப் பக்கம் வைக்கிறோமோ, அதை வைத்துத்தான் இடது கை, வலது கை. மதியம் ஜோடி சேர்க்க உட்கார்ந்த சரிதா தலையில் கை வைத்துவிட்டாள். கட்டு முழுக்க இடது கை.

“இன்னா யக்கா, கதை கேட்டுகினே இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்க! மைன்ஸ்காரங்களுக்கு ரெண்டுமே எடது கையா?” என்றாள் தனம்.

“வுடு தனம். சோறு துன்னும்போது கழட்டிட்டுத்தான துன்னப் போறாங்க” என்றாள் சரிதா.

தகரக் கூரை அதிரச் சிரித்தோம். நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று தெரியவில்லை. அந்தக் கட்டைப் பிரித்துத் தைப்பது என் பொறுப்பு என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

மறுநாள் தனம் வரவில்லை. அவள் ஊர்க்காரி பொற்கொடியும் வரவில்லை. பட்டை வைக்க ஆளில்லாமல் என் முன்னால் பெருவிரல் வைத்த கைகள் குவிந்தன. அடுத்து உட்கார்ந்தவர்கள் சும்மா இருந்தார்கள். அதற்குள் சுதாகர் வேறு அளவு கேட்டு ஆளனுப்ப, நடுவில் நின்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. தனத்துக்குப் போன் போட்டேன்.

“முந்திரி விழுவுதுங்கக்கா. இப்ப பொறுக்காம வுட்டா ஒண்ணும் தேறாது. வூட்லன்னா காலைல கொட்ட பொறுக்கிட்டு மத்தியானம் உக்காந்துகினு தச்சிடுவேன்” என்றாள் தனம்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒரே அளவு, தினமும் வந்துசேரும் ஆட்கள். இந்த இரண்டும் இருந்தால்தான் ஷெட்டு சரிப்படும். எங்களுக்கு இரண்டுமே இல்லை. வீட்டில் தைத்தால் ஒருத்தி நின்றாலும் மற்றவள் வேலை நிற்காது. வெட்டுவதுதான் எல்லோருக்கும் நேரம் பிடித்தது. பிரஸ் வந்தால் அந்தக் கஷ்டமும் தீரும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் விடை மாறவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும், “வீட்டுலயே தைக்கிறோம். பிரஸ் வாங்கிக் குடுங்க” என்றேன்.

சுதாகர் என்னைப் பார்த்தார். “நீங்கதானக்கா ஷெட்டு வேணும்னு நின்னீங்க?”

“சரிப்படல தம்பி.”

தனம் நிம்மதியாகச் சிரித்தாள். என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க அதில் எதையும் நான் வைத்திருக்கவில்லை.

இப்போது மற்றவர்கள் தைத்ததை உள்பக்கம் வெளியே இருக்கும்படியே கொண்டுவந்து தருகிறார்கள். குச்சியால் விரல் விரலாகக் குத்திப் புரட்டி, ஜோடி சேர்ப்பது என் வேலை. சத்தமில்லாத வேலை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

இன்று தனம் வந்தாள். செருப்பை கேட்டிலேயே விட்டுவிட்டு வந்து, “சார் தூங்கறாருங்களாக்கா?” என்று காதோரம் கேட்டாள்.

தலையசைத்தேன். “உள்ள வா. தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றேன், நானும் கிசுகிசுப்பாக.

“பண்ருட்டி பஸ்ஸு பூடுங்கக்கா.” தைத்த கையுறைக் கட்டை என் கையில் வைத்துவிட்டு நுனிக்காலில் போய்விட்டாள்.

பின்கட்டில் உட்கார்ந்து புரட்டினேன். புதுக் கித்தான் விறைப்பாக இருக்கும். புரட்டி வைத்த கைகள் விரல் விரித்தபடி சுவரோரம் நின்றன. எல்லாம் முடிந்த பிறகு, அலமாரிக்கு அடியில் கிடந்த அந்த இடது கைக் கட்டை எடுத்தேன். முதல் பெருவிரலின் தையலில் பிளேடை வைத்தபோது சரிதா சொன்னது நினைவுக்கு வந்து, சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

உள்ளே அவர் புரண்டு படுத்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.